எட்டு பிட் இசையில் உங்களுக்கென்று ஒரு ஒலி

கேள்வி: ஃபாமிட்ராக்கர் என்ற மென்பொருளில் ஓராண்டாக சிப்டியூன் (பழைய வீடியோ கேம் சிப்பின் ஒலியில் அமையும் இசை) அமைக்கிறேன். எந்த மெட்டைப் போட்டாலும் எங்கோ கேட்ட பழைய வீடியோ கேம் பாட்டு மாதிரியே இருக்கிறது. எனக்கென்று ஒரு ஒலி வர என்ன செய்வது?

பதில்: மெட்டை அப்படியே விட்டுவிட்டு இன்ஸ்ட்ருமென்ட்டில், அதாவது ஸ்வரம் ஒலிக்கும் விதத்தைத் தீர்மானிக்கும் அமைப்பில், கை வையுங்கள். 1983-இல் ஜப்பானில் வந்த ஃபாமிகாம் என்ற கேம் கருவியின் ரிக்கோ சிப்பில் இரண்டு பல்ஸ் (சதுர அலை), ஒரு ட்ரையாங்கிள் (முக்கோண அலை), ஒரு நாய்ஸ் (இரைச்சல்), ஒரு சாம்பிள் (பதிவுசெய்த ஒலி) என ஐந்தே சேனல்கள். எல்லோருக்கும் அதே ஐந்துதான். ஒரு ஸ்வரம் எப்படி எழுகிறது, எப்படி அடங்குகிறது என்பதில்தான் ஆளுக்கு ஆள் வித்தியாசம் கேட்கும்.

டிராக்கர் நொடிக்கு 60 முறை சிப்புக்குக் கட்டளை தருகிறது. வால்யூம் வரிசையில் எழுதும் ஒவ்வோர் எண்ணும் அத்தனை சிறிய ஒரு துளி. 15 13 10 8 7 6 5 என்றால் மீட்டிவிட்ட தந்திபோலத் தணியும். 6 9 12 14 13 12 என்றால் ஊதியதுபோல எழும். கூடவே பல்ஸ் அலையின் வடிவத்தை மாற்றும் டியூட்டி வரிசையில் 2 2 0 என்று எழுதுங்கள். முதல் இரண்டு துளி 50 சதவீத அலையாகத் தடித்து ஒலித்து, பிறகு 12.5 சதவீதத்தின் மூக்கொலிக்கு மாறும். 1-க்கும் 3-க்கும், அதாவது 25, 75 சதவீதங்களுக்கு, காது வித்தியாசம் காணாது. அவற்றை மாற்றி மாற்றிப் போட்டுப் பயனில்லை.

‘கேம் வாடை’ பெரும்பாலும் 047 ஆர்பெஜியோவிலிருந்து வருவது: அடி ஸ்வரம், அதற்கு 4, 7 அரைச்சுரம் மேலே உள்ளவை என மூன்றையும் மாற்றி மாற்றி ஒலித்து கார்டாகக் கேட்கவைக்கும் எஃபெக்ட். துளிக்கு ஒரு ஸ்வரம் என்று அது ஓடும் வேகம் எல்லோர் பாட்டிலும் ஒன்றே. அந்த எஃபெக்டை விட்டுவிட்டு, இன்ஸ்ட்ருமென்ட்டின் ஆர்பெஜியோ வரிசையில் 0 0 0 7 7 7 12 12 12 என்று எழுதிச் சுழலவிடுங்கள். வேகம் மூன்றில் ஒரு பங்காகிறது. நடு ஸ்வரமான 4 இல்லாததால் கார்டு திறந்து ஒலிக்கிறது.

வைப்ரேட்டோவை (சுருதியின் அசைவை) ஸ்வரம் தொடங்கும்போதே தராதீர்கள். ஸ்பீடு 6 (டிராக்கரின் ஒரு வரிக்கு ஆறு துளி) என்றால் நான்கு வரி கழித்து வைப்ரேட்டோ எஃபெக்டான 463 போடுங்கள்: 0.4 நொடி நேராக நின்ற பிறகு குரல் அசையும். அடுத்த ஸ்வரத்தில் 400 போட மறந்தால் அசைவு பாட்டு முழுக்கத் தொற்றிக்கொள்ளும். பலரும் சறுக்குவது இங்கேதான்.

எதிரொலிக்கு அதே மெட்டை இரண்டாம் பல்ஸில் மூன்று வரி தள்ளி, வால்யூம் 5-இல் வையுங்கள். நீண்ட ஸ்வரத்தில் இரு சேனலும் ஒரே சுருதியில் நின்றால் அலைகள் ஒன்றையொன்று விழுங்கி ஒலி திடீரென மெலியும். அதனால் எதிரொலிக்கு P82 எஃபெக்ட் கொடுத்துச் சுருதியைச் சற்றே விலக்குங்கள். மேல் ஸ்தாயியில் அதே விலகல் அபசுரமாகிவிடும். அங்கே P81 போதும்.

எட்டு வரி மெட்டு ஒன்றை எடுத்து, ஸ்வரத்தைத் தொடாமல் மூன்று இன்ஸ்ட்ருமென்ட்டில் அமையுங்கள். பிடித்ததை வைத்துக்கொண்டு அடுத்த ஐந்து பாட்டுக்கும் அதையே பயன்படுத்துங்கள். பிறர் கோப்பிலிருந்து இன்ஸ்ட்ருமென்ட் இறக்குவதை அதுவரை தள்ளிவையுங்கள்.

கேள்வி: ஹெட்போனில் நன்றாகக் கேட்கும் பேஸ், செல்போனில் காணாமல் போகிறதே?

பதில்: பேஸை வாசிக்கும் ட்ரையாங்கிள் அலையில் மேல் சுரங்கள் மிகக் குறைவு, அடி ஸ்வரத்தை போன் ஸ்பீக்கரால் எழுப்ப முடியாது. அந்தச் சேனலுக்கு வால்யூமும் கிடையாது, கூட்ட வழியில்லை. பேஸை ஒரு ஸ்தாயி ஏற்றுங்கள். மனமில்லையென்றால், எதிரொலி ஓய்ந்திருக்கும் இடங்களில் இரண்டாம் பல்ஸில் அதே ஸ்வரத்தை ஒரு ஸ்தாயி மேலே, 12.5 சதவீத அலையில், வால்யூம் 3-இல் இரண்டே துளி தொட்டுவிடுங்கள்.