நிலத்தையே ஏன் விலைக்கு வாங்குகிறார்கள்?

இங்கிலாந்தின் நார்ஃபோக் காட்டுயிர் அறக்கட்டளை ஏன் நிலத்தையே வாங்குகிறது, வேலி போட்டால் போதாதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நிலம் சொந்தமானால்தான் அங்கே தண்ணீர் எவ்வளவு நிற்கவேண்டும் என்று தீர்மானிக்க முடியும். 1926-இல் நாரிச் நகர மருத்துவர் சிட்னி லாங் முன்நின்று கிளே சதுப்பு நிலத்தைப் பறவைகளுக்காக வாங்க வைத்தார். அதே ஆண்டு அறக்கட்டளையும் பிறந்தது. பிரிட்டனில் மாவட்ட அளவிலான முதல் காட்டுயிர் அறக்கட்டளை இதுதான்.

வேலி போதவே போதாது. அவர்களுடைய ஹிக்லிங் என்ற ஈரநிலக் காப்பகத்தில் நாணலை அறுக்காமல் விட்டால் சருகு சேர்ந்து தரை உயரும், ஈரம் வற்றும், வில்லோ மரங்கள் ஏறிவிடும். அங்குள்ள ஸ்வாலோடெய்ல் வண்ணத்துப்பூச்சியின் புழு மில்க் பார்ஸ்லி என்ற ஈரநிலச் செடியை நம்பித்தான் வாழ்கிறது. செடி போனால் பூச்சியும் போச்சு! நாணலுக்குள் கூடுகட்டும் குருகுக்கும் இதே கதிதான். அதனால்தான் நாணலைப் பகுதி பகுதியாக, சுழற்சி முறையில் அறுக்கிறார்கள். நிலம் வாங்கியதைவிட, சலிக்காமல் தொடரும் இந்த அறுப்பு வேலையைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன்.