அறிகுறி எதுவும் இல்லையே, எதற்கு டெஸ்ட்?

கேள்வி: அக்கா, எனக்கு 31 வயது. சொந்த ஊர் அருப்புக்கோட்டை பக்கம். எட்டு வருஷமாக பெங்களூரில் வேலை, மாரத்தஹள்ளியில் வாடகை வீடு. தை மாதம் கல்யாணம். கூட வேலை பார்த்த பெண்தான், இரண்டு வீட்டிலும் சம்மதம். போன வாரம் அவள், “கல்யாணத்துக்கு முன்னாடி ரெண்டு பேரும் எஸ்.டி.ஐ. டெஸ்ட் எடுத்துடலாமா?” என்று கேட்டாள், அதாவது பால்வினை நோய்ப் பரிசோதனை. எனக்குச் சுருக்கென்றது. “என்னைப் பார்த்தா அப்படியா தெரியுது?” என்று கத்திவிட்டேன். கம்பெனியில் எடுத்த ஃபுல் பாடி செக்கப் ரிப்போர்ட்டை பி.டி.எஃப்.ஆக அனுப்பினேன். “இதுல அது எதுவுமே இல்லையே” என்று பதில் வந்தது. அதிலிருந்து பேச்சு இல்லை. உண்மையைச் சொல்கிறேன். அவளுக்கு முன் இரண்டு வருஷம் எனக்கு ஒரு உறவு இருந்தது. அது முறிந்த பிறகு, போன வருஷம் நண்பர்களோடு வெளியூர் போனபோது ஒரு தடவை. பயந்துபோய் மூன்றாவது வாரமே எச்.ஐ.வி. டெஸ்ட் எடுத்தேன், நெகட்டிவ். உடம்பில் ஒரு புண் இல்லை, எரிச்சல் இல்லை. பிறகு எதற்கு இது? அவள் என்னை நம்பவில்லையா? லேபில் தெரிந்த ஆள் யாராவது பார்த்துவிட்டால்?
பெயர் வேண்டாம், பெங்களூரு

பதில்: தம்பி, முதலில் அந்த பி.டி.எஃப். கதையை முடித்துவிடுவோம். அந்தப் பெண் சொன்னது சரி. கம்பெனிகள் எடுத்துத் தரும் ஃபுல் பாடி செக்கப்பில் சர்க்கரை இருக்கும், கொலஸ்ட்ரால், தைராய்டு, வைட்டமின் டி எல்லாம் இருக்கும். நீங்கள் பேசும் விஷயம் பெரும்பாலும் இருக்காது. ‘யூரின் ரொட்டீன்’ என்று ஒரு வரி இருப்பதைப் பார்த்து, இதையும் சேர்த்துப் பார்த்துவிட்டார்கள் என்று நிறையப் பேர் நினைத்துக்கொள்கிறார்கள். அந்த வரி வேறு, கனோரியா, கிளமிடியா என்ற பால்வினை நோய்க் கிருமிகளைத் தேடுகிற டெஸ்ட் வேறு. அவள் உங்கள் ரிப்போர்ட்டை வரி வரியாகப் படித்திருக்கிறாள். நீங்கள் படித்தீர்களா என்று எனக்குச் சந்தேகம்.

மூன்றாவது வாரத்தில் எடுத்த எச்.ஐ.வி. டெஸ்ட்டும் அரைகுறைதான். ரத்தத்தில் எதிர்ப்பொருள் உருவாகிப் பிடிபடுவதற்கு அவகாசம் வேண்டும். சாதாரண ரேபிட் டெஸ்ட் என்றால், சம்பவம் நடந்து 3 மாதம் கழித்து வரும் நெகட்டிவ்தான் உறுதியான நெகட்டிவ். உங்களுக்கு ஒரு வருஷம் ஓடிவிட்டது. அதனால் இப்போது எடுத்தால் ஒரே தடவையில் தெளிவான பதில் கிடைத்துவிடும். அந்த விஷயத்தில் நீங்கள் அதிர்ஷ்டக்காரர்.

‘ஒரு புண் இல்லை, எரிச்சல் இல்லை’ என்று எழுதியிருக்கிறீர்கள். நான் சென்னையில் ஒரு நம்பிக்கை மையத்தில் ஏழு வருஷம் ஆலோசகராக உட்கார்ந்திருந்தவள். நம்பிக்கை மையம் என்பது எச்.ஐ.வி. பரிசோதனை மையத்துக்குத் தமிழ்நாட்டில் வைத்த பெயர். அந்த நாற்காலியில் இருந்து நான் அதிகம் கேட்ட வாக்கியம் இதுதான். ஒரு ஜோடியை மறக்கவே முடியவில்லை. மனைவிக்கு மூன்றாம் மாதம். கர்ப்பிணிகளுக்கு எல்லாம் எடுக்கும் வழக்கமான ரத்தப் பரிசோதனையில் வி.டி.ஆர்.எல். ரியாக்டிவ் என்று வந்தது, அதாவது சிஃபிலிஸ் என்ற பால்வினை நோய். உறுதிப்படுத்தும் டெஸ்ட்டிலும் அதேதான். அந்தப் பெண்ணுக்கு ஒரு தொந்தரவும் இருந்ததில்லை. கணவர் ரொம்ப நேரம் தரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “கல்யாணத்துக்கு முன்னாடி ஒரு புண் வந்துச்சு மேடம். வலிக்கவே இல்ல. தேங்காய் எண்ணெய் தடவினேன், ஆறிப்போச்சு” என்றார்.

அந்தப் புண் எண்ணெயால் ஆறவில்லை. சிஃபிலிஸ் புண் வலிக்காது, சில வாரங்களில் தானே மறைந்தும் விடும். கிருமி மட்டும் உள்ளே இருக்கும். பிறகு சிலருக்கு உள்ளங்கை, உள்ளங்காலில் தடிப்பு வரும். அதுவும் மறையும். அதற்கப்புறம் வருஷக்கணக்கில் ஒன்றுமே தெரியாது. ஆனால் வயிற்றில் இருக்கும் பிள்ளைக்குப் போகும். இருவருக்கும் பென்சிலின் ஊசி போட்டோம். வாரம் ஒன்றாக மூன்று வாரம், ஒவ்வொன்றும் 24 லட்சம் யூனிட், இடுப்புக்குக் கீழே இரண்டு பக்கமும் பிரித்து. “ரெண்டு நாள் சரியா உட்கார முடியல” என்று அந்த மனிதர் சொன்னபோது அவர் மனைவிதான் முதலில் சிரித்தாள். குழந்தை நன்றாகப் பிறந்தது.

கிளமிடியா இன்னும் அமைதியான ஆள். பெண்களில் பெரும்பாலோருக்கு அறிகுறியே காட்டாது. கவனிக்காமல் விட்டால் கருக்குழாயில் தழும்பு விழுந்து அடைத்துக்கொள்ளும். அப்புறம் நம் வீடுகளில் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். ‘விசேஷம் இல்லையா’ என்று அந்தப் பெண்ணைத்தான் கேட்பார்கள். ராமேஸ்வரத்துக்கும் திருக்கருகாவூருக்கும் அவளைத்தான் அழைத்துப்போவார்கள். ஒரு சிறுநீர்ப் பரிசோதனையிலும் சில நாள் மாத்திரையிலும் தீர்ந்திருக்க வேண்டிய விஷயம்.

இன்னொன்று. 1986இல் இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது முதன்முதலில் தெரியவந்தது சென்னையில்தான். டாக்டர் சுனிதி சாலமனும் அவர் மாணவி நிர்மலாவும் கண்டுபிடித்தார்கள். நோய் முற்றிப் படுக்கையில் கிடந்தவர்களின் ரத்தம் இல்லை அது. காப்பகத்தில் நடமாடிக்கொண்டிருந்த பெண்களின் ரத்தம். தேடிப் பார்த்ததால் தெரிந்தது.

இனி உங்கள் கோபத்துக்கு வருகிறேன். அது எங்கிருந்து வந்தது என்று யோசித்தீர்களா? நம் ஊரில் இந்த நோய்களுக்கு ‘பொம்பளை சீக்கு’ என்று பெயர். ஆணிடமிருந்து ஆணுக்கும் பெண்ணுக்கும் போகிற நோய்க்கும் அதே பெயர்தான்! அதற்கு முந்தைய தலைமுறை சிஃபிலிஸை ‘பரங்கிப் புண்’ என்றது, வெள்ளைக்காரன் கொண்டுவந்தானாம். ஐரோப்பாவில் இத்தாலிக்காரர்கள் அதைப் பிரெஞ்சு நோய் என்றார்கள், பிரெஞ்சுக்காரர்கள் நேப்பிள்ஸ் நோய் என்றார்கள். இருபது வருஷத்துக்கு முன் ‘புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?’ என்று சுவர் சுவராகக் கேட்ட விளம்பரம் உங்களுக்கு மங்கலாக நினைவிருக்கும், பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்திருப்பீர்கள். பக்கத்து பெஞ்சுக்காரனைப் புள்ளிராஜா என்று கூப்பிடத்தான் அது பயன்பட்டது. இப்படி வளர்ந்த காதில் ‘டெஸ்ட் எடுக்கலாமா’ என்பது ‘நீ கெட்டவனா’ என்று விழுந்திருக்கிறது. ‘என்னைப் பார்த்தா அப்படியா தெரியுது’ என்று கேட்டீர்களே, யாரைப் பார்த்தாலும் தெரியாது தம்பி. அவளைப் பார்த்தாலும் தெரியாது. அதனால்தான் ‘ரெண்டு பேரும்’ என்றாள். அந்த இரண்டு சொல்லை நீங்கள் கேட்கவே இல்லை.

சரி, என்னென்ன எடுப்பது? எச்.ஐ.வி., சிஃபிலிஸுக்கு வி.டி.ஆர்.எல்., மஞ்சள் காமாலை வகையில் ஹெபடைடிஸ் பி, சி. இவை நான்கும் ரத்தத்தில். கனோரியா, கிளமிடியா இரண்டுக்கும் சிறுநீரில் பி.சி.ஆர். முறை. சிறுநீர் கழித்து ஒரு மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும், முதலில் வரும் கொஞ்சத்தைத்தான் பிடிக்க வேண்டும். நடுவில் பிடித்துக் கொடுத்துப் பழகியவர்கள் இங்கே தவறு செய்கிறார்கள். பெண்களுக்கு டாக்டரே பஞ்சுக்குச்சியால் மாதிரி எடுப்பார், அல்லது எப்படி எடுப்பது என்று சொல்லித்தருவார். ஹெபடைடிஸ் பி இல்லை என்று வந்தால் மூன்று தவணை தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள், அதோடு அந்தக் கவலை முடிந்தது. கருப்பைவாய்ப் புற்றுநோய்க்குக் காரணமாகும் எச்.பி.வி. கிருமிக்கு ஆண்களுக்கு வழக்கமான டெஸ்ட் கிடையாது. அவள் ஒரு பெண் டாக்டரிடம் தடுப்பூசி பற்றியும் கருப்பைவாய்ப் பரிசோதனை பற்றியும் கேட்டுக்கொள்ளட்டும்.

பெங்களூரில் எச்.ஐ.வி. பரிசோதனை அரசு ஆஸ்பத்திரிகளில் இலவசம். சிவாஜி நகர் பவுரிங்கிலும், கே.ஆர். மார்க்கெட் பக்கம் விக்டோரியாவிலும் இருக்கிறது. போர்டில் கன்னடத்தில் ‘ஆப்த சமாலோசனெ’ என்று எழுதியிருப்பார்கள். ஆப்த நண்பன் என்கிறோமே, அந்த ஆப்தம்தான். தமிழ்நாட்டு ‘நம்பிக்கை’யை விட எனக்கு இந்தப் பெயர் பிடிக்கும். அங்கே முதலில் உட்காரவைத்துப் பேசுவார்கள், பிறகுதான் ரத்தம் எடுப்பார்கள். பாசிட்டிவ் என்று சொல்வதற்கு முன் மூன்று வெவ்வேறு கிட்களில் சோதிப்பார்கள், ஒரு கோடு பார்த்து யாரும் தீர்ப்பு எழுதமாட்டார்கள். முதலில் பேச மட்டும் வேண்டும் என்றால் 1097க்கு அழைக்கலாம், காசு கிடையாது. சிறுநீர் பி.சி.ஆருக்குத் தனியார் லேப்தான் சுலபம், கொஞ்சம் செலவு பிடிக்கும். மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுத்திருப்பீர்கள், அதன் பக்கத்தில் இது ஒன்றுமில்லை. எந்த டாக்டர் என்று திணறினால், சரும நோய் டாக்டர்தான். அவர் படிப்பிலேயே பால்வினை நோயும் சேர்ந்தே இருக்கிறது. ரயில்வே ஸ்டேஷன் பக்கம் லாட்ஜில் ரூம் போட்டு ‘பரம்பரை வைத்தியம்’ பார்க்கிறவரிடம் மட்டும் போய்விடாதீர்கள். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு நீங்களாக ஆன்டிபயாட்டிக் விழுங்குவதும் வேண்டாம். கனோரியா ஏற்கெனவே பல மருந்துகளுக்கு அசையாமல் நிற்கப் பழகிவிட்டது.

தெரிந்தவர் பார்த்தால்? அல்சூரிலும் சிவாஜி நகரிலும் தமிழ்க் காதுகள் அதிகம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தக் காதுகளும் அங்கே ஏதோ ஒரு டெஸ்ட்டுக்குத்தான் வரிசையில் நிற்கும். சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. எச்.ஐ.வி. தொடர்பாக 2017இல் வந்த சட்டம் 2018 செப்டம்பரிலிருந்து நடைமுறையில் உள்ளது. அதன்படி உங்கள் சம்மதம் இல்லாமல் சோதிக்கக் கூடாது, முடிவை வெளியே சொல்லக் கூடாது, வேலையில் பாகுபாடு காட்டக் கூடாது. நடைமுறைக்கு ஒன்று சொல்கிறேன். லேபில் சொந்த நம்பரும் சொந்த மெயிலும் கொடுங்கள், ஆபீஸ் மெயில் வேண்டாம்.

ஏதாவது பாசிட்டிவ் என்று வந்தால்? சிஃபிலிஸ், கனோரியா, கிளமிடியா மூன்றும் மருந்தில் குணமாகிறவை. உறவில் இருக்கும் இருவருக்கும் சிகிச்சை வேண்டும், ஒருவர் மட்டும் சாப்பிட்டால் பந்து மாதிரி திரும்பி வரும். நீங்கள் இருவரும் எதுவரை போயிருக்கிறீர்கள் என்று எழுதவில்லை, நானும் கேட்கவில்லை. டாக்டர் கேட்டால் மறைக்காமல் சொல்லுங்கள். எச்.ஐ.வி.க்கு 2004லிருந்து அரசு இலவசமாக மாத்திரை தருகிறது. தவறாமல் சாப்பிட்டு, கிருமி ரத்தத்தில் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து அப்படியே இருந்தால், உடலுறவில் துணைக்குப் பரவாது. அப்படிக் கல்யாணம் செய்து, நல்லபடியாகப் பிள்ளை பெற்றவர்களை எனக்குத் தெரியும். ஒன்றை மட்டும் இப்போதே இருவரும் பேசி வையுங்கள். பாசிட்டிவ் என்பது யாரோ துரோகம் செய்ததற்கு அத்தாட்சி இல்லை. அது போன மாதம் வந்ததா, ஐந்து வருஷத்துக்கு முன் வந்ததா என்று பெரும்பாலும் எந்த ரிப்போர்ட்டும் சொல்லாது.

திரும்ப எப்போது எடுப்பது என்பதில் எனக்குத் தெரிந்த கணக்கு இது: புது உறவு தொடங்கும்போது ஒரு தடவை, பிறகு வருஷத்துக்கு ஒரு தடவை. ஒன்றுக்கு மேற்பட்டவர்களோடு உறவு இருக்கிறவர்கள் 3 முதல் 6 மாதத்துக்கு ஒரு தடவை. ஆணுறை போட்டவர்களுக்கும் இதே கணக்குதான். எச்.ஐ.வி.யை அது நன்றாகவே தடுக்கும். ஆனால் சிஃபிலிஸும் எச்.பி.வி.யும் உறை மூடாத தோல் வழியாகவும் வரும். இன்னொன்றையும் தெரிந்து வையுங்கள். ஆணுறை கிழிந்தது போல ஏதாவது நேர்ந்து பயந்தால், மூன்று வாரம் காத்திருந்து டெஸ்ட்டுக்கு ஓட வேண்டியதில்லை. 72 மணி நேரத்துக்குள் டாக்டரிடம் போனால் 28 நாள் சாப்பிடும் தடுப்பு மாத்திரை இருக்கிறது. போன வருஷம் இதை யாரும் உங்களுக்குச் சொல்லவில்லை போலிருக்கிறது.

இன்று ராத்திரியே அவளுக்குப் போன் போடுங்கள். பெரிய விளக்கம் வேண்டாம். “கத்தினது தப்பு. சனிக்கிழமை காலையில போலாமா?” போதும். பழைய உறவையும் அந்த வெளியூர் விஷயத்தையும் நேரில் சொல்லுங்கள். பெயர், ஊர் எல்லாம் வேண்டாம், இருந்தது என்பது தெரிந்தால் போதும். அவளும் ஏதாவது சொல்லலாம். அப்போது உங்கள் முகம் எப்படி இருக்க வேண்டும் என்று இப்போதே கொஞ்சம் பழகி வையுங்கள். ரிப்போர்ட் வந்ததும் இந்தத் தடவை பி.டி.எஃப்.ஐ அனுப்ப வேண்டாம். அல்சூர் ஏரிக்கரையில் உட்கார்ந்து இரண்டு பேரும் ஒன்றாகத் திறந்து பாருங்கள்.