மாலை போட்டால் சாமி, கழற்றினால் ஏலே

கேள்வி: மனிதன் உண்மையிலேயே மாற முடியுமா? எத்தனை முறை மாறினாலும் சில நாளில் பழையபடி ஆகிவிடுகிறோமே, மாற்றம் நிலைக்க என்ன வழி?

முடியும். ஆனால் நான் மாறாமல் இருந்த கதைதான் பெரிது, அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

திருநெல்வேலி டவுனில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறேன். வயது 53. என் கோபம் எங்கள் தெருவில் பிரசித்தம். அப்பாவுக்கும் இப்படித்தான், தாத்தாவுக்கும் இப்படித்தான் என்று சொல்லிச் சொல்லி அதைப் பூர்வீகச் சொத்து மாதிரி வைத்திருந்தேன். நடுவில் 11 வருடம் சபரிமலைக்கு மாலை போட்டேன். கார்த்திகை முதல் தேதி விடியுமுன் குறுக்குத்துறையில் முங்கி எழுந்து, குருசாமி கையால் மாலை விழுந்துவிட்டால் நான் வேறு ஆள். ஒரு மண்டலம், 41 நாள், குரல் உயராது. மாலை போட்டவனுக்கு எதிரில் நிற்பவரெல்லாம் சாமிதானே. கடையில் நிற்கும் பையனிடமும் "சாமி, அந்த உளுந்து மூட்டையைக் கொஞ்சம் தள்ளி வையுங்க சாமி" என்பேன். அது நடிப்பு இல்லை. மனசு நிஜமாகவே அடங்கிப்போய்த்தான் இருக்கும்.

செங்கோட்டை, ஆரியங்காவு வழியாக மலைக்குப் போய், திரும்பும்போது குற்றாலத்தில் ஒரு குளியல். வீட்டுக்கு வந்து மாலையைக் கழற்றி ஐயப்பன் படத்தில் மாட்டினால், மறுநாள் கடை திறந்த அரை மணி நேரத்தில் "ஏலே" ஆரம்பித்துவிடும். (எங்கள் ஊரில் ஏலே கெட்ட வார்த்தை இல்லை, பிரியமாகவும் சொல்வோம். என் ஏலே அந்த வகை இல்லை.) வருடா வருடம் இதே கதை. கடையில் இருப்பவர்களும் இதை நெல்லில் காரும் பிசானமும் மாதிரி ஒரு பருவமாக எடுத்துக்கொண்டார்கள்.

2022 புரட்டாசியில் ஒரு நாள் கடைப் பையன் கேட்டான். பையன் என்றாலும் 22 வயது. "அண்ணாச்சி, இந்த வருசம் மாலை ஒண்ணாந்தேதியே போட்டுருவியளா?"

"எதுக்குல கேக்க?"

"சும்மாதான் அண்ணாச்சி."

பக்தியாகக் கேட்கிறான் என்று நினைத்துக்கொண்டேன். சாயங்காலம் குடோன் பக்கம் போனால், அவன் லோடு இறக்குகிறவரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறான்: "அண்ணாச்சிக்கு மாலை விழுந்துட்டா நமக்கு ஒண்ணரை மாசம் நிம்மதி."

இதைக் கேட்டதும் ஞானம் வந்தது என்று எழுதினால் பொய். வந்தது கோபம்தான். உள்ளே நுழைந்து இரண்டு பேரையும் வாங்கு வாங்கென்று வாங்கினேன்.

ராத்திரி பற்று வரவு எழுத உட்கார்ந்தபோது கை வேறு கணக்குப் போட்டது. 11 வருடம், 41 நாள், மொத்தம் 451 நாள். அத்தனை நாள் நான் யாரையும் கத்தவில்லை. அப்படியானால் ரத்தத்தில் ஊறியது, அடக்க முடியாது என்றதெல்லாம்? அப்புறம் மற்ற நாட்களில் யார் யாரைக் கத்தினேன் என்று பார்த்தேன். கடைப் பையன், லோடுக்காரர், மனைவி, அம்மா, தம்பி. சரக்கு தரும் ஏஜென்சிக்காரர் இல்லை. வங்கி மேனேஜர் இல்லை. வரி ஆபீஸ் பக்கம் போனால் என்னைப் போல் சாதுவைப் பார்க்க முடியாது. என் கோபத்துக்கு ஆள் தெரிந்திருக்கிறது! வெகுளாமை அதிகாரத்தில் முதல் குறள், 301, இதைத்தான் சொல்கிறது. செல்லுபடியாகும் இடத்தில் கோபத்தைக் காப்பவன்தான் காப்பவன். செல்லாத இடத்தில் காத்தால் என்ன, காக்காவிட்டால் என்ன. பள்ளிக்கூடத்தில் ஒப்பித்ததுதான். அன்றைக்குத்தான் உறைத்தது.

அந்த ஐப்பசியில் சித்தப்பா இறந்துபோனார். துட்டி விழுந்த வீடு, ஒரு வருடம் மலைக்குப் போக முடியாது. கார்த்திகை முதல் தேதி வழக்கம்போல முழிப்பு வந்துவிட்டது. சும்மா ஆற்றுக்குப் போய்க் குளித்துவிட்டு, வெறுங்கழுத்தோடு கடைக்கு வந்தேன். சபதம் எதுவும் எடுக்கவில்லை, யாரிடமும் சொல்லவும் இல்லை. மாலை இல்லாமல் எத்தனை நாள் தாங்குகிறது பார்ப்போம் என்றுதான்.

எட்டு நாள் தாங்கியது. ஒன்பதாம் நாள் பையன் கைதவறி நல்லெண்ணெய் டின்னைக் கொட்டினான். வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். மாலை இருந்திருந்தால் சாமி குத்தம் என்று பயந்து கோயிலுக்கு ஓடியிருப்பேன். இப்போது யாரிடம் ஓடுவது? அவன்தான் குனிந்து தரையைத் துடைத்துக்கொண்டிருக்கிறான். அன்றைக்குப் பேச வாய் வரவில்லை. மறுநாள் டீ குடிக்கும்போது, "நேத்து கொஞ்சம் கூடுதலாப் பேசிட்டேன்ல" என்றேன். அவன் டீ கிளாசையே பார்த்துக்கொண்டிருந்தான். 41 நாள் விரதத்தைவிட அந்த ஒரு வாக்கியம் கஷ்டமாக இருந்தது.

என் மகள் உளவியல் படிக்கிறாள். 21 நாளில் பழக்கம் வந்துவிடும் என்று ஊரெல்லாம் சொல்வதை அவள் ஏற்பதில்லை. லண்டனில் 96 பேரை 12 வாரம் கவனித்த ஆய்வில், ஒரு பழக்கம் தானாக நடக்க சராசரியாக 66 நாள் ஆகும் என்று கணக்கு வந்ததாம். ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள் வரை வித்தியாசம். நடுவில் ஒரு நாள் தவறினால் பெரிய பாதகமில்லை என்பதுதான் அதில் எனக்குப் பிடித்தது. அவள் சொன்ன இன்னொன்று, எட்வர்டு டெசி என்பவர் 1971இல் வெளியிட்ட சோதனை. புதிர் விளையாட்டில் இருந்த மாணவர்களில் ஒரு பிரிவுக்கு இடையில் காசு கொடுத்துப் பிறகு நிறுத்தினார்கள். காசு நின்றபின், ஓய்வு நேரத்தில் அவர்கள் புதிரைத் தொடுவது முன்பைவிடக் குறைந்துவிட்டது. மாலையைக் காசோடு வைத்துப் பேசினால் குருசாமி என்னைச் சும்மா விடமாட்டார். விரதத்தை நான் குறை சொல்லவே இல்லை, என்னால் முடியும் என்று காட்டியதே அதுதான். கோபத்தை அடக்கும் வேலையை மொத்தமாக மாலையின் தலையில் கட்டிவிட்டு நான் சும்மா இருந்ததுதான் தப்பு.

ஒன்பதாம் நாளுக்குப் பிறகு, கோபம் எப்போது வருகிறது என்று பார்க்க ஆரம்பித்தேன். பெரும்பாலும் காலை 11 மணிவாக்கில். வெறும் டீயோடு கடை திறக்கிறவன் நான், அந்த நேரத்துக்குப் பசி வந்துவிடும். ஏஜென்சி ஆட்கள் பாக்கி கேட்டு வருவதும் அப்போதுதான். அவர்களிடம் சிரித்து அனுப்பிவிட்டு, அடுத்த நிமிடம் பையன் மேல் பாய்வேன். ஒன்பது மணிக்கு நாலு இட்லி சாப்பிடத் தொடங்கினேன். பாக்கி கேட்டு வருபவர்களைச் சாயங்காலம் வரச் சொன்னேன். மகத்தான ஆன்ம மாற்றத்தில் பாதி இட்லியால் வந்தது என்றால் நம்புவீர்களா?

சரி, நிலைத்ததா என்று கேட்டால், கடையில் நிலைத்திருக்கிறது. பையன் இன்னும் என்னிடம்தான் இருக்கிறான். மறுவருடம் மாலை போட்டபோது எப்போது போடுவேன் என்று அவன் கேட்கவில்லை, எப்போது கழற்றுவேன் என்றும் கேட்கவில்லை. இதை எழுதி மனைவியிடம் படித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "கடை வரைக்கும் வந்துட்டிய. வீட்டுக்கு எப்ப வருவிய?" என்றாள்.