அமர்ந்து செய்யும் ஆசனங்களில் சுகம்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: சம்மணமிட்டு அமரும் சுகாசனத்தில் ஐந்து நிமிடம்கூட நிமிர்ந்து உட்கார முடியவில்லை. முதுகு கூனுகிறது, முழங்கால்கள் இடுப்பைவிட உயரத்தில் நிற்கின்றன. முதுகுத் தசைகளை வலுப்படுத்த வேண்டுமா?

பதில்: வலுப்படுத்துவதில் தவறில்லை என்றாலும், உங்கள் தொல்லை இடுப்பில்தான் தொடங்குகிறது. இடுப்பு மூட்டைச் சுற்றியுள்ள தசைகள் இறுகியிருப்பவர் தரையில் கால்களை மடக்கி அமரும்போது, அந்த இறுக்கம் இடுப்பெலும்பைப் பின்னோக்கிச் சாய்த்துவிடுவதால், அதன்மேல் நிற்கும் முதுகெலும்பும் வளைந்தே ஆக வேண்டியிருக்கிறது. கெட்டியான போர்வை ஒன்றை மடித்து, அதன் முன்விளிம்பில் உட்காருங்கள். நடுவில் உட்கார்ந்தால் தொடைகளும் சேர்ந்து உயர்ந்துவிடும், பயன் இராது. முழங்கால்கள் இடுப்பு மட்டத்துக்குக் கீழே இறங்கும் வரை மடிப்புகளைக் கூட்டலாம். சிலருக்கு இரண்டு விரற்கடை உயரம் போதும், சிலருக்கு ஒரு சாண்கூட வேண்டியிருக்கும். அப்போதும் முழங்கால்கள் தரையைத் தொடாமல் நின்றால், அவற்றுக்கு அடியில் சுருட்டிய துணியைத் தாங்கலாக வைத்துக்கொள்ளுங்கள். எந்தக் கால் முன்னே இருக்கிறது என்பதையும் அவ்வப்போது மாற்றுங்கள். ஒரே பக்கமாக மடக்கும் பழக்கம் பலருக்கு உண்டு.

இப்படித் தாங்கல் வைப்பதைக் குறைவாக நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். பதஞ்சலியின் யோக சூத்திரம், இரண்டாம் பாதத்தின் (அத்தியாயத்தின்) 46ஆம் சூத்திரத்தில், நிலையாகவும் சுகமாகவும் இருப்பதே ஆசனம் என்கிறது. தரையோடு தரையாக அமர வேண்டும் என்ற நிபந்தனை அதில் இல்லை.

கேள்வி: பத்மாசனம் போடும்போது முழங்காலின் உட்புறம் சுரீரென்று வலிக்கிறது. பழகப் பழகச் சரியாகிவிடும் என்கிறார்கள். தொடரலாமா?

பதில்: கூடாது. தொடைத் தசை இழுபடுவது ஒன்று, மூட்டுக்குள் கூர்மையாகக் குத்துவது வேறொன்று. இரண்டாவது வந்தவுடன் காலைப் பிரித்துவிட வேண்டும். பத்மாசனத்துக்குத் தேவையான வெளிச்சுழற்சி இடுப்பு மூட்டிலிருந்து வர வேண்டும். முழங்கால் மூட்டு பெரும்பாலும் மடக்கவும் நீட்டவும் மட்டுமே அமைந்தது; சற்றே சுழலும், அவ்வளவுதான். இடுப்பு சுழலாத நிலையில் பாதத்தைக் கையால் இழுத்து எதிர்த்தொடையில் ஏற்றினால், அந்த முறுக்கு முழுவதும் முழங்காலில் இறங்கி, அங்குள்ள பிறைவடிவக் குருத்தெலும்பையும் தசைநார்களையும் வருத்துகிறது. முழங்காலைக் கையால் அழுத்தித் தரையில் தொடவைப்பது அதைவிட மோசமான பழக்கம். சொல்லிக்கொடுப்பவர்களே அதைச் செய்வதை நான் பார்த்திருக்கிறேன். முதலில் படுத்த நிலையில், ஒரு கணுக்காலை எதிர்த்தொடைமேல் வைத்து, அந்தத் தொடையை மார்பை நோக்கி மெல்ல இழுத்து இடுப்பைத் தளர்த்துங்கள். அதன் பின்னும் பத்மாசனம் வராமல் போகலாம். தொடையெலும்பின் கழுத்துப் பகுதியும் இடுப்புக் குழியும் அமைந்திருக்கும் கோணம் ஆளுக்கு ஆள் வேறுபடும். எலும்பின் அமைப்பைப் பயிற்சி மாற்றாது. சுகாசனமோ, ஒரு பாதத்தை மட்டும் எதிர்த்தொடையில் ஏற்றும் அர்த்த பத்மாசனமோ உங்களுக்குப் போதும்.

கேள்வி: மண்டியிட்டுக் குதிகால்கள்மேல் அமரும் வஜ்ராசனத்தில் பாதங்கள் மரத்துப்போகின்றன, கணுக்காலின் முன்புறமும் வலிக்கிறது.

பதில்: உடலின் எடை கால்களின் நரம்புகளையும் இரத்த ஓட்டத்தையும் அழுத்துவதே மரத்துப்போவதற்குக் காரணம். குதிகால்களுக்கும் பிட்டத்துக்கும் இடையில் ஒரு தலையணையை வைத்தால் எடை பகிரப்படும். கணுக்காலின் கீழ் சுருட்டிய துண்டை வைத்தால் முன்புற இழுவை குறையும். மரத்த காலை ஊன்றி உடனே எழாதீர்கள், இடறி விழ நேரிடும். காலை நீட்டியபின் சில நிமிடங்களில் உணர்வு திரும்பிவிட வேண்டும். திரும்பவில்லை என்றாலோ, பாதத்தை மேல்நோக்கித் தூக்க முடியாமல் தொங்கினாலோ மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: கால்களை நீட்டி அமர்ந்து முன்னே குனியும் பச்சிமோத்தானாசனத்தில் கால்விரலைத் தொட எவ்வளவு நாளாகும்?

பதில்: நாள் கணக்குச் சொல்ல முடியாது, விரலைத் தொடுவதை அளவுகோலாகக் கொள்வதே சரியன்று. முழங்கால்களைச் சற்று மடக்கி, இடுப்பிலிருந்து முன்னே சாயுங்கள். விரலைப் பிடிக்கும் அவசரத்தில் முதுகை வளைத்தால் தொடையின் பின்தசைகள் நீளாமல், கீழ்முதுகே இழுபடும். பாதத்தைச் சுற்றி ஒரு நீண்ட துணியைப் போட்டுப் பிடித்துக்கொள்ளலாம். முதுகெலும்பு வட்டுக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதைச் செய்ய வேண்டாம்.

கேள்வி: முழங்கால் தேய்மானம் இருக்கிறது. நாற்காலியில் அமர்ந்து மூச்சுப்பயிற்சி செய்தால் பலன் குறையுமா?

பதில்: குறையாது. பாதங்கள் இரண்டும் தரையில் முழுமையாகப் பதியும் உயரத்தில், சக்கரமில்லாத நாற்காலியைத் தேர்ந்தெடுத்து, முதுகைச் சாய்க்காமல் முன்பகுதியில் அமருங்கள்.