பிரைவேட் போட்டும் லிஸ்ட் வெளியிலிருந்து காலியாகிறதா?

உங்கள் ஜாவா கிளாஸில் மார்க்ஸ் என்ற லிஸ்ட் பிரைவேட்தான். ஆனாலும் வெளியே யாரோ கிளியர் கூப்பிட்டதும் காலியாகிவிடுகிறது என்கிறீர்கள். பிரைவேட் அந்த வேரியபிளைத்தான் மறைக்கிறது, அது சுட்டும் ஆப்ஜெக்டை அல்ல. உங்கள் கெட்டர் (மதிப்பை வெளியே தரும் மெத்தட்) 'ரிட்டர்ன் மார்க்ஸ்' என்று அதே ரெஃபரன்ஸை, அதாவது அந்த ஆப்ஜெக்டைச் சுட்டும் முகவரியை, தூக்கிக் கொடுத்துவிடுகிறது. ஃபைனல் சேர்த்தாலும் இது நிற்காது; அது வேரியபிளை வேறு லிஸ்டுக்கு மாற்றுவதைத்தான் தடுக்கும்.

கெட்டரில் லிஸ்ட்.காப்பிஆஃப்(மார்க்ஸ்) என்று திருப்பிக் கொடுங்கள். இது ஜாவா 10 முதல் உண்டு. வாங்கியவர் ஆட் கூப்பிட்டால் அன்சப்போர்ட்டட்ஆபரேஷன்எக்செப்ஷன் விழும். லிஸ்டுக்குள் 'நல்' (null, வெற்று மதிப்பு) இருந்தால் காப்பிஆஃப்பே நல்பாயிண்டர்எக்செப்ஷன் எறியும், கவனம். ஜாவா 8 என்றால் நியூ அரேலிஸ்ட் போட்டு நகலெடுங்கள்.

பலரும் கோட்டை விடுவது, ஆப்ஜெக்ட் உருவாகும்போது ஓடும் கன்ஸ்ட்ரக்டரில்தான். வந்த லிஸ்டை அப்படியே திஸ்.மார்க்ஸில் வைத்தால், கொடுத்தவர் கையிலும் அதே லிஸ்ட் இருக்கும். அவர் பிறகு ஒன்றைச் சேர்த்தால் உங்கள் கிளாஸுக்குள்ளும் சேரும். அங்கேயும் நியூ அரேலிஸ்டால் நகலெடுத்தே வையுங்கள்.

லிஸ்டுக்குள் இன்டிஜர், ஸ்ட்ரிங் போல மாறாதவை மட்டும் என்றால் இது போதும். யூட்டில்.டேட் என்ற தேதி கிளாஸ் போல மாறக்கூடியவை உள்ளே இருந்தால் ஒவ்வொன்றையும் தனியாக நகலெடுக்க வேண்டும். அதைவிட, மாறாத லோக்கல்டேட்டுக்கு மாறிவிடுவது மேல்.

வெளியே சராசரி மட்டும்தான் தேவையென்றால் கெட்டரையே எடுத்துவிட்டு, சராசரியைத் தரும் மெத்தட் ஒன்றை எழுதுங்கள்.