நானே வைத்த கெடு: ஒரு கடிதம்

வணக்கம்.

கோவையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் ஒன்பது வருடமாக வேலை பார்க்கிறேன். ஆபீஸில் கொடுத்த கெடுவைப் பெரிதாகத் தவறவிட்டதில்லை. ஆனால் வீட்டில் சொந்தமாக ஆரம்பித்த எதையும் முடித்ததில்லை, லேப்டாப்பில் பதினோரு ஃபோல்டர் பாதியில் கிடக்கிறது. கடைசியாக ஆரம்பித்தது எங்கள் ஊர்ப் படிப்பகத்துக்கு. அங்கே சுமார் 1,400 புத்தகங்கள் இருக்கின்றன, யார் எதை எடுத்துப் போனார்கள் என்று ஒரு நோட்டில்தான் எழுதுகிறார்கள். அதற்கு ஒரு சின்ன ஆப். பொங்கலுக்குள் முடிப்பதாக இருந்தேன், அப்புறம் சித்திரை ஒன்று, அப்புறம் ஆகஸ்ட் 15. மூன்றும் போய்விட்டது. நானே வைத்த தேதி, நானே தள்ளிப்போடுகிறேன், கேட்க ஆளில்லை. நமக்கு நாமே கெடு வைப்பதில் உண்மையிலேயே பலன் உண்டா?

ம., கோவை

அன்புள்ள ம.,

உண்டு. ஆனால் நீங்கள் வைத்தது பாதிக் கெடு. தேதியைக் குறித்தீர்கள், அது நெருங்கும்போது எதையெல்லாம் விட்டுவிடுவது என்று குறிக்கவில்லை. ஆபீஸில் என்ன நடக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். ரிலீஸுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது ஒரு மீட்டிங் நடக்கும், "இதை அடுத்த வெர்ஷன்ல பாத்துக்கலாம்" என்று யாராவது சொல்வார், பட்டியலில் நாலைந்து விஷயம் கழன்றுவிடும், மிச்சம் ஊர் போய்ச் சேரும். வீட்டில் அந்த ஆள் இல்லை. ஆசைப்படுபவரும் நீங்கள்தான், எழுதுபவரும் நீங்கள்தான், அதனால் தேதி நகர்கிறது, பட்டியல் அப்படியே நிற்கிறது. தள்ளிப்போட்ட ஒவ்வொரு முறையும் அதான் டைம் இருக்கிறதே என்று இன்னும் இரண்டு வசதி சேர்ந்திருக்கும், சரிதானே?

உபுண்டு என்ற கணினி இயங்குதளத்தின் முதல் வெளியீடு 2004 அக்டோபரில் வந்தது. அதன் எண்ணே 4.10, வருடமும் மாதமும். அதிலிருந்து ஆறு மாதத்துக்கு ஒன்று, ஏப்ரலிலும் அக்டோபரிலும். தயாரானது ஏறிக்கொள்ளும், தயாராகாதது அடுத்த வண்டிக்குக் காத்திருக்கும். ஒரே ஒரு முறை, 2006 ஏப்ரலில் வர வேண்டியதை ஜூனுக்குத் தள்ளினார்கள், அது 6.06 ஆனது. நீண்ட காலம் ஆதரவு தர வேண்டிய பதிப்பு என்பதால் ஆறு வாரம் கூடுதலாக எடுத்துக்கொண்டார்கள். ஆனால் எப்படித் தள்ளினார்கள் என்று கவனியுங்கள்: தேதி வருவதற்கு முன்பே, எல்லோருக்கும் காரணம் சொல்லி, புதுத் தேதியோடு. அடுத்தது வழக்கம்போல அக்டோபரில் வந்துவிட்டது. வருடா வருடம் ஆகஸ்ட் 13 முதல் செப்டம்பர் 13 வரை நடக்கும் ஜேஎஸ்13கே என்ற, கணினி விளையாட்டு எழுதும் போட்டியில் இன்னும் கறார், முழு விளையாட்டும் ஜிப் செய்த பிறகு 13 கிலோபைட்டுக்குள் அடங்க வேண்டும். நாளுக்கும் எல்லை, பொருளுக்கும் எல்லை.

எனக்கு இது உறைத்தது என் பெரியம்மாவின் சீட்டுக் கணக்கில். தெருவில் இருபது பேர், ஆளுக்கு ஐயாயிரம், மாதம் ஒரு லட்சம், 10-ம் தேதி சாயங்காலம் ஏலம். ஒருவர் 22,000 தள்ளி எடுத்தால் அவர் கைக்கு 78,000 போகும். தள்ளிய தொகை ஆளுக்கு 1,100 என்று பிரிய, அந்த மாதம் ஒவ்வொருவரும் 3,900 கட்டினால் போதும். பெரியம்மா இதை நீள நோட்டில் பென்சிலால் போட்டுப் பார்த்துவிட்டு அதன் மேலேயே பேனாவால் எழுதுவார். பார்வை மங்கிய பிறகு ஒரு மாதம் 3,900-ஐ 3,600 என்று வாசித்துவிட்டார். குறைந்த ஆறாயிரத்தை யாரிடமும் சொல்லாமல் தன் கையிலிருந்து போட்டார். அதைக் கேள்விப்பட்டு நான் ஒரு ஆப் செய்து தருவதாகச் சொன்னேன். எட்டு மாதம் ஓடியது. லாகின் எழுதினேன், வாட்ஸ்அப் நினைவூட்டலுக்கு மட்டும் மூன்று வாரம் போனது. ஒரு நாள் பெரியம்மா போன் செய்து, "வர்ற பத்தாம் தேதி சீட்டு இருக்குடா, என்ன இருக்கோ அதக் கொண்டாந்து காட்டு" என்றார்.

அந்தத் தேதியை என்னால் நகர்த்த முடியாது, இருபது பேர் வந்து உட்கார்ந்திருப்பார்கள். ஒன்பது நாள்தான் இருந்தது. எல்லாவற்றையும் எடுத்துவிட்டு ஒரே ஒரு திரையை வைத்தேன். தள்ளிய தொகையைத் தட்டினால், எடுத்தவருக்கு எவ்வளவு, ஆளுக்கு எவ்வளவு என்று இரண்டு எண் பெரிதாக வரும், கீழே இருபது பெயர், கட்டியவருக்கு ஒரு டிக். பெரியம்மா நோட்டையும் போனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, விரலால் தொட்டுத் தொட்டு ஒப்பிட்டுப் பார்த்தார். எழுத்து இன்னும் பெரிதாக வேண்டும் என்றார், அவ்வளவுதான். மூன்றாவது மாதம் பென்சிலை எடுக்கவில்லை. வாட்ஸ்அப் நினைவூட்டலை இன்றுவரை ஒருவரும் கேட்கவில்லை, எல்லோரும் ஒரே தெரு.

கேட்க ஆளில்லை என்கிறீர்கள். படிப்பகத்தில் அந்த நோட்டை எழுதுகிறவர் இருக்கிறாரே. ஞாயிற்றுக்கிழமை அவரைப் போய்ப் பாருங்கள். புத்தகத்தைச் சரிபார்க்கும் நாளோ ஆண்டுக் கூட்டமோ, அவர்களுக்கென்று ஒரு நாள் இருக்கும், நான்கு வாரத்துக்குள் வருவதாக ஒன்றைப் பிடித்து, அன்றைக்குக் கொண்டு வருகிறேன் என்று அவரிடமே சொல்லிவிடுங்கள். நோட்டில் எத்தனை பத்தி இருக்கிறதோ அத்தனைதான் முதல் வெர்ஷன். அநேகமாகப் புத்தகம், எடுத்தவர், எடுத்த தேதி, திருப்பிய தேதி. 1,400 புத்தகத்தையும் முதலிலேயே ஏற்ற உட்காராதீர்கள், அங்கேதான் சிக்கியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். யாராவது ஒரு புத்தகத்தை எடுக்கும்போது அதை மட்டும் பதிந்தால் போதும், மக்கள் உண்மையில் படிக்கிற புத்தகங்கள் சில மாதத்தில் தானாகவே உள்ளே வந்துவிடும். அட்டைப் படம், அபராதக் கணக்கு, தேடும் வசதி எல்லாம் வேறொரு தாளில் இருக்கட்டும். நடுவில் காய்ச்சல், ஆபீஸ் நெருக்கடி என்று ஏதாவது வந்தால் முதலில் வேலையைக் குறையுங்கள். அப்படியும் முடியாவிட்டால் மட்டும் தேதியை மாற்றுங்கள், ஒரே ஒரு முறை, அவருக்கு முன்கூட்டியே போன் செய்து.

மற்ற பத்து ஃபோல்டர்களுக்குக் கெடு வைக்க வேண்டாம். அதில் பாதியாவது ஏதோ ஒன்றைக் கற்றுக்கொள்ள ஆரம்பித்ததாக இருக்கும், கற்றுக்கொண்டுவிட்டீர்கள், மூடிவிடலாம்.

ஞாயிறு போகும்போது அந்த நோட்டில் ஒரு பக்கத்தைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள், வாசகர்களின் பெயரை மறைத்துவிட்டு எனக்கும் அனுப்புங்கள். எந்தத் தேதி சொல்லிவிட்டு வந்தீர்கள் என்பதையும் எழுதுங்கள்.