கேட் தேர்வுக்கு ஒரு மாதம்: விட்டுப்போன பாடங்களை முடிக்கலாமா?

கேள்வி: 2023-ல் மெக்கானிக்கல் முடித்தேன் சார். எம்.டெக். சேர ஆசை. வாலாஜாவிலிருந்து ராணிப்பேட்டை ஷூ கம்பெனிக்கு வேலைக்குப் போகிறேன், காலை 6 மணி ஷிஃப்ட். பிப்ரவரி முதல் வாரம் அதற்கான கேட் (GATE) நுழைவுத் தேர்வு. ஹீட் டிரான்ஸ்ஃபரும் மெஷின் டிசைனும் தொடவே இல்லை. இந்த ஒரு மாதத்தில் முடித்துவிடலாமா?
– பெயர் வேண்டாம், வாலாஜா

பதில்: முடித்துவிடலாம்மா. ஆனால் நீ முடிக்கும்போது தெர்மோடைனமிக்ஸ் மறந்திருக்கும்.

மொத்தம் 100 மார்க்கில் அப்டிடியூட் என்ற பொதுத் திறன் பகுதிக்கு 15, கணக்குக்கு 13. இந்த 28 மார்க் உன் கையில் உறுதியா என்று முதலில் பார். ஹீட் டிரான்ஸ்ஃபரில் கண்டக்‌ஷனையும் ஹீட் எக்ஸ்சேஞ்சரையும் மட்டும் நாலு நாள் பார்த்துவிட்டு மூடி வை. டிசைனைத் தொடாதே.

மிச்ச நாளெல்லாம் பழைய கேள்வித்தாள்தான். கூடவே ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக்கொள். தப்பாகப் போட்ட கணக்கின் விடையை அதில் எழுதாதே, ஏன் தப்பானது என்று ஒரு வரி எழுது. 'செல்சியஸைக் கெல்வினாக்க மறந்தேன்', 'ஆரம் என்று நினைத்தேன், விட்டம் கொடுத்திருந்தான்'. பாலிடெக்னிக்கில் 27 வருடம் பாடம் எடுத்தவன் சொல்கிறேன், பிள்ளைகளின் இந்த நோட்டில் பாதிக்கு மேல் பாடமே தெரியாத தப்பாக இருக்காது.

என்னிடம் படித்த காட்பாடிப் பையன் ஒருவன். சட்டைப் பையில் எப்போதும் ஒரு கால்குலேட்டர் இருக்கும். அதில் 5-ம் 8-ம் தேய்ந்து எண்ணே தெரியாது, விரலுக்கு மட்டும் தெரியும். தேர்வு அறையில் அதற்கு அனுமதி இல்லை, திரையில் வரும் கால்குலேட்டரை மவுஸால்தான் அழுத்த வேண்டும். ஒவ்வொரு எண்ணாகத் தேடித் தேடி அழுத்தியதில், போடத் தெரிந்த ஒன்பது கணக்கை விட்டுவிட்டு வந்தான். அதே மாதிரி கால்குலேட்டர் இணையத்தில் கிடைக்கும், இன்றைக்கே அதற்கு மாறு. டிகிரியில் இருக்கிறதா ரேடியனில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு சைன் போடு.

அப்புறம், குருட்டாம்போக்கில் அடிப்பது. நாலு விடையில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் ஒரு மார்க் கேள்வி தப்பானால் மூன்றில் ஒரு பங்கு மார்க் போகும். இப்படி நாலு கேள்வி அடித்தால் சராசரியாக ஒன்று சரி, மூன்று தப்பு. வந்த மார்க்கை அந்த மூன்றும் தின்றுவிடும். நாலு விடையில் ஒன்றையாவது நிச்சயமாகத் தள்ள முடிந்தால் அடி, லாபம்தான். எண்ணை நிரப்பும் கேள்விக்கும், பல விடை சரியாக வரும் கேள்விக்கும் மார்க் குறைப்பு கிடையாது. அவற்றைக் காலியாக விட்டு வராதே.

ஷிஃப்ட் முடிந்து வந்து அரை மணி தூங்கு. நாலு மணியிலிருந்து ஒன்பது வரை போதும், விடியற்காலை எழ வேண்டியவள் நீ. மூன்று மணி நேர முழுத் தேர்வை ஞாயிற்றுக்கிழமை மட்டும் எழுது, அதுவும் உன் அனுமதிச் சீட்டில் உள்ள நேரத்திலேயே. மதியம் 2.30 என்றிருந்தால் சாப்பிட்ட மயக்கத்தோடு உட்கார்ந்து பழகு.

நடுவில் பொங்கல் வரும். மாடு விடுகிற அன்றைக்குப் படித்தேன் என்று நம் பக்கத்துப் பிள்ளை சொன்னால் நான் நம்ப மாட்டேன். மைக் செட் விடாது. அந்த ஒரு நாளை இப்போதே கணக்கில் கழித்துவிடு.

தேர்வு சனி, ஞாயிறில்தான் வரும். உனக்குச் சனிக்கிழமை என்றால் சூப்பர்வைசரிடம் இந்த வாரமே லீவு சொல்லிவிடு. வெள்ளிக்கிழமைக்கும் சேர்த்தே கேள்.